பால் இல்லாத கள்ளி

திருக்கோஷ்டியூர் பக்கம் புஞ்சை ஓரங்களில் நிற்கிற சப்பாத்திக்கள்ளியைக் காட்டி, "சங்கப் பாட்டுல வர்ற பாலை நிலக் கள்ளி இதுதான்"னு சொல்றவங்க உண்டு. இல்லீங்க. சதுரக்கள்ளியையோ இலைக்கள்ளியையோ கீறினால் பால் வடியும். சப்பாத்தியைக் கீறினால் வழவழன்னு சாறுதான் வரும், பால் வராது. ரெண்டும் வேற வேற குடும்பம். பால் உள்ளது நம்ம பழைய ஆள். சப்பாத்தி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் காலத்தில் கப்பலேறி வந்த செடி.

வந்தது வேலிக்காக மட்டும் இல்லை. மெக்சிகோவில் இந்த இனக் கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்துத்தான் உயர்ந்த சிவப்புச் சாயம் எடுத்தார்கள். அந்த வியாபாரம் ஸ்பெயின் கையில். ஆங்கிலேய அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கும் அதே சாயம்தான் வேணும். சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786ல் இங்கேயே ஒரு புல்லில் அந்த மாதிரிப் பூச்சியைக் கண்டதாக லண்டனுக்கு எழுதினார். அது வேற பூச்சி. ஆனாலும் ஆசை விடவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் போட்டார்கள், லண்டன் கியூ தோட்டத்திலிருந்துகூட செடிகள் வந்தன. விருந்துக்கு இலை போட்டாச்சு, விருந்தாளியைக் காணோம்!

1795ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். ஆனா அது மெக்சிகோவின் வளர்ப்புப் பூச்சி இல்லை, காட்டு வகை. சாயம் மட்டம். 1800ல் சைதாப்பேட்டைத் தோட்டத்தை மூடிவிட்டார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சாயத்துக்கு உதவாத அந்தப் பூச்சி, வட இந்தியாவில் ஏற்கெனவே வேலியாகப் பரவியிருந்த ஒருவகைக் கள்ளியைத் தின்றே தீர்த்தது. அதைப் பார்த்து, 1836-38 வாக்கில் வேணும்னே தென்னிந்தியாவுக்கும் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு களையை அழிக்க இன்னொரு பகுதிக்குப் பூச்சியை அனுப்பியதில் உலகத்திலேயே இதுதான் முதல்னு பூச்சியியல்காரங்க சொல்றாங்க.

ஆனா நாகதாளின்னு நாம சொல்ற வகையை அது தொடவே இல்லை. போட்டிக்கு ஆள் போனதும் நாகதாளி மேய்ச்சல் நிலத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. 1926ல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சி வந்த பிறகுதான் சில வருஷங்களில் அது அடங்கியது. ஆஸ்திரேலியாவில் இதே கள்ளி இரண்டு கோடி ஹெக்டேருக்கு மேல் பரவி, அங்கே ஒரு அந்துப்பூச்சியின் புழு வந்து காப்பாற்றியது.

இன்றைக்கும் ரோட்டோரச் சப்பாத்தியிலோ மாடித் தோட்டக் கள்ளித் தொட்டியிலோ பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால், குச்சியால் நசுக்கிப் பாருங்க. கொச்சினீலாக இருந்தால் ரத்தச் சிவப்பு வரும். (மழைக்கு வர்ற வெல்வெட் பூச்சி வேற, அதைக் குழப்பிக்க வேண்டாம். கள்ளிப்பழம் தின்கிறவர்கள் உள்ளே இருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்துட்டுத் தின்னுங்க.)

இதையெல்லாம் படித்தால் உடனே வர்ற கேள்வி: நம்ம கண்மாயெல்லாம் அடைத்து நிற்கிற சீமைக்கருவேலத்துக்கும் இப்படி ஒரு பூச்சியைக் கொண்டுவந்தால் என்ன? கள்ளி விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருந்தது. சப்பாத்திக்கு இந்த மண்ணில் நெருங்கிய சொந்தம் கிடையாது, பூச்சி அதை விட்டு வேறெங்கும் தாவவில்லை. சீமைக்கருவேலத்துக்கோ இங்கே சொந்தம் உண்டு: கோயில்களில் தலவிருட்சமாக நிற்கிற வன்னி. கருவேலத்தைத் தின்ன வந்த பூச்சி வன்னியில் ஏறாதுன்னு முதலில் யாராவது நிரூபிக்கணும். அதோடு, கருவேல மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைக்கிற குடும்பங்களிடமும் ஒரு வார்த்தை கேட்கணும்.