கொடிமலை இரயிலும் இடையில் நின்றவர்களும்

1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தோன்றிய பிறகு, 'திட்ட மேலாளர்' என்னும் பதவி பினாங்கில் பழகிப்போன பெயராகிவிட்டது. வரைபடம் வரைபவர் ஒருவர். இயந்திரம் பூட்டுபவர் இன்னொருவர். நடுவில் நிற்கும் இவருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கு விடை காண, ஆயர் ஈத்தாமிலிருந்து கொடிமலைக்கு ஏறும் இரயிலின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தனியார் சிலர் இம்மலைக்கு இரயில் பாதை போட முனைந்தனர். ஆயினும் தொழில்நுட்பக் குறைகளால் அம்முயற்சி கைகூடவில்லை. பின்னர் அரசாங்கமே பணியை ஏற்றது. மலாய் மாநிலங்களின் இரயில்வேயைச் சேர்ந்த பொறியாளர் ஆர்னல்ட் ராபர்ட் ஜான்சன் பொறுப்பேற்றார். 1923 அக்டோபரில் இரயில் ஓடியது; 1924 சனவரி முதல் நாள் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது.

இது சாதாரண இரயில் அன்று. கப்பியின் இரு முனைகளிலும் வாளி கட்டியது போல, கம்பிவடத்தின் ஒரு முனையில் ஒரு பெட்டி ஏற, மறு முனையில் மற்றொன்று இறங்கும். வடத்தை இழுப்பது மின்பொறி. சமவெளி இரயிலானால் பத்து மைல் முடிந்ததும் பத்து மைலைத் திறந்துவிடலாம். இங்கே பாலம், சுரங்கம், தண்டவாளம், வடம், மின்சாரம் ஆகியவற்றுள் ஒன்று பிந்தினாலும் மற்றவை வீண். எது முன், எது பின் என்று கணக்கிட்டு, அதற்கேற்ப ஆளையும் பொருளையும் செங்குத்தான சரிவில் ஏற்றிவிட ஒருவர் தேவை. பெயர் எதுவாயினும், அதுவே திட்ட மேலாளரின் வேலை.

ஆனால் ஜான்சன் ஒருவரால் ஆகக்கூடியதா இது? அக்காலத்து இரயில்வேத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் தமிழர். பொறியாளரின் ஆங்கிலக் கட்டளையைக் கூலியாட்களுக்குப் புரியும் சொல்லாக மாற்றியவர்கள் மண்டோர்கள். ஜான்சனின் பெயர் ஏடுகளில் இருக்கிறது. மண்டோர்களின் பெயரை யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

இடையில் நிற்பவர் எல்லாரும் நல்லவர் என்று நாம் சொல்ல வரவில்லை. தோட்டப்புறத்துக் கங்காணியை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் நடுவில் நின்றவரே. ஊருக்குப் போய் ஆள் திரட்டி வந்தவரும் அவரே. ஆனால் நாள்தோறும் வேலைக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கைப்படி அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. காய்ச்சலில் கிடந்தவனையும் வேலைக்காட்டுக்கு விரட்டினால்தான் அவருக்கு வரும்படி. வேலை முடிந்ததா என்பதற்குச் சம்பளம் வாங்குபவர் ஒரு வகை. எத்தனை தலை வந்தது என்பதற்குக் காசு வாங்குபவர் வேறொரு வகை. தொழிலாளி அவரை அண்ணன் என்பதும் எமன் என்பதும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததே.

1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலியாட்களை உதவி கொடுத்து அனுப்புவதைத் தடை செய்தது. அத்துடன் ஊருக்குப் போய் ஆள் திரட்டிவரும் கங்காணியின் அதிகாரம் முடிவுற்றது.