வாங்கியவர் உரிமையும் உத்தரவாதச் சீட்டும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பச்சைத் தோல் வாங்கும் வணிகரைக் கூர்ந்து நோக்கியவர் ஒன்றை அறிவர். அவர் தோலின் மேற்புறத்தை மட்டும் கண்டு விலை பேசிவிட மாட்டார். புரட்டிச் சதைப்புறத்தைப் பார்ப்பார். உரித்தவன் கத்தி எங்கே ஆழப் பட்டிருக்கிறது என்று விரலால் தடவுவார். உண்ணி கடித்த வடுவும் சூடு போட்ட தழும்பும் அவர் கண்ணுக்குத் தப்புவது அரிது. சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் நீங்கிய பின்னரே வெளிப்படும் குறைகளும் உண்டு. அவற்றையும் ஒருவாறு எண்ணித்தான் விலை சொல்வார். இத்தகையவரிடம், "பார்த்து வாங்குவது உம் பொறுப்பு" என்று சொல்வதில் பெரிய அநீதி இல்லை.

ஆனால், அதே வணிகர் தம் இல்லத்துக்குக் குளிர்பதனப் பெட்டி ஒன்று வாங்கச் சென்றால் நிலைமை என்ன? அதன் கம்ப்ரெசர் இரும்புக் கூட்டினுள் வைத்து மூடிப் பற்றவைக்கப்பட்டது. அதனுள் கம்பிச் சுருள் செவ்வையாக இருக்கிறதா என்று எந்த விரலும் தடவிப் பார்க்க இயலாது. தோலறிந்த வணிகரும் அங்கே நம்மைப் போல ஒன்றும் அறியாதவரே. மாணவ மாணவியரே, விற்பவர் அறிவதற்கும் வாங்குபவர் அறியக் கூடியதற்கும் இடையே உள்ள இந்த இடைவெளியிலிருந்துதான் நுகர்வோர் உரிமையின் வரலாறு தொடங்குகிறது.

"வாங்குபவனே, விழிப்பாயிரு" என்னும் பொருளுடைய லத்தீன் தொடர் ஒன்று உண்டு. லத்தீனில் இருப்பதால் அது ரோமானியர் நீதி என்று பலர் எழுதிவிடுகின்றனர். உண்மை ஏறக்குறைய இதற்கு மாறானது. ரோமாபுரியில் சந்தைகளை மேற்பார்வையிட்ட ஈடைல் என்னும் அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் நோயையும் குறையையும் முன்னரே கூறிவிட வேண்டும் என்று ஆணையிட்டிருந்தனர். கூறாது விற்றால், வாங்கியவர் 6 மாதத்துக்குள் பொருளைத் திருப்பித் தந்து பணத்தைப் பெறலாம். ஓராண்டுக்குள் விலைக் குறைப்பும் கோரலாம். "எனக்கே தெரியாது" என்று சொல்லி விற்றவர் தப்ப முடியாது. மனிதரை மாட்டோடு ஒன்றாக நிறுத்தி விற்ற சமுதாயம் அது என்பது நெஞ்சை உறுத்துகிறது. ஆயினும், மறைந்திருக்கும் குறைக்கு விற்றவரே பொறுப்பு என்னும் கருத்து, கால எல்லையோடு கூட, அந்தச் சந்தையிலேயே உருவாகிவிட்டது.

வாங்குபவர் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றியது இங்கிலாந்தின் பழைய சட்டம். 1603ஆம் ஆண்டு வழக்கொன்றில், பொற்கொல்லர் ஒருவர் ஒரு கல்லைப் "பெசோவார்" என்று சொல்லி 100 பவுனுக்கு விற்றார். விலங்கின் வயிற்றில் விளைவது அக்கல். நஞ்சை முறிக்கும் என்று அந்நாளில் நம்பினர். அவர் விற்றதோ பெசோவார் அன்று. ஆயினும், "பெசோவார் என்று சொன்னாரே தவிர, அதற்கு உறுதி அளிக்கவில்லையே" என்று நீதிமன்றம் வாங்கியவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. சொல்லுக்கும் உறுதிக்கும் இப்படி ஒரு வேற்றுமை கற்பித்தது எனக்கு என்றும் வியப்பே.

அந்தச் சுவர் இடிய முந்நூறு ஆண்டுகள் ஆயின. 1893இல் இங்கிலாந்து பொருள் விற்பனைச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் 1903இல் தீர்ப்பான வழக்கு ஒன்று நம் பொருளுக்கு நெருங்கியது. ஒருவர் மருந்துக் கடையில் சுடுநீர்ப் புட்டி ஒன்று வாங்கினார். ரப்பராலான அது சில நாட்களில் வெடித்து, அவர் மனைவியின் உடலைச் சுட்டுவிட்டது. "என்ன பயனுக்கு என்று அவர் எனக்குச் சொல்லவில்லையே" என்றார் கடைக்காரர். சுடுநீர்ப் புட்டிக்கு வேறு என்ன பயன் இருக்க முடியும்? பெயர் சொல்லிக் கேட்டதே பயனைச் சொன்னதாகும் என்றது நீதிமன்றம். அந்தப் பயனுக்கு ஏற்றதாக இருக்கும் என்னும் உறுதி, வாயால் சொல்லாவிடினும், விற்பனையோடு சேர்ந்தே வருகிறது.

நம் நாட்டில் இவ்விதி 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் இடம் பெற்றது. ஆனால் அதே சட்டத்தின் 62ஆம் பிரிவு, இருவரும் வெளிப்படையாக உடன்பட்டால் இவ்வுறுதியை நீக்கிக்கொள்ளலாம் என்றும் இடம் கொடுத்தது. உத்தரவாதச் சீட்டில் பொடியெழுத்து புகுந்தது இந்த வாயில் வழியாகத்தான். ஒரு கையால் ஓராண்டு உறுதியை நீட்டி, மறு கையால் ஏனைய உறுதிகளை எடுத்துக்கொள்ளும் வித்தை அது. மேலும், ஒரு மேசை விசிறிக்காக யார் உரிமையியல் நீதிமன்றம் ஏறுவார்? வக்கீல் கட்டணமும் முத்திரைக் கட்டணமும் விசிறியின் விலையை விழுங்கிவிடுமே!

பொருள் விரைவில் கெடுவது எப்போதும் தற்செயல் என்றும் எண்ணிவிடலாகாது. 1924இல் ஜெனீவாவில் உலகின் பெரிய மின்விளக்கு உற்பத்தியாளர் கூடி ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். அதுவரை 1,500 மணி நேரமும் அதற்கு மேலும் எரிந்த குமிழ் விளக்கின் ஆயுளை 1,000 மணியாகக் குறைத்தனர். அளவுக்கு மீறி எரியும் விளக்கைச் செய்தவருக்கு அபராதம் விதித்தனர்.

1962 மார்ச் 15ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி நுகர்வோரின் நான்கு உரிமைகளை அறிவித்தார். 1985இல் ஐக்கிய நாடுகள் சபை வழிகாட்டு நெறிகளை ஏற்றது. 1986 டிசம்பர் 24இல் நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. மாவட்டந்தோறும் குறைதீர் மன்றம் அமைக்க வழி பிறந்தது; வக்கீலின்றித் தாமே வழக்காடலாம். இப்போது நடப்பில் இருப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம். 2020 ஜூலை 20 முதல் செயற்படுகிறது. குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் இல்லை.

அப்படியாயின், உத்தரவாதக் காலம் முடிந்த மறு வாரம் பெட்டி நின்றுவிட்டால் என்ன செய்வது? சட்டம் "குறைபாடு" என்னும் சொல்லுக்குத் தரும் இலக்கணத்தைப் படித்துப் பாருங்கள். தரத்தில் உள்ள எந்தக் குற்றமும் குறையும் அதில் அடங்கும். உத்தரவாதத் தேதியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. செய்யும்போதே புகுந்த குறை, சீட்டின் நாள் கழிந்தவுடன் குறையல்லாது போய்விடுவதில்லை. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் முறையிட வேண்டும். ஆனால், செய்கையில் நேர்ந்த குறைதான் அது, தேய்மானம் அன்று என்று காட்டும் சுமை வாங்கியவருடையது. சோதனைச்சாலைக்குப் பொருளை அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, மெய்ப்பித்தல் எளிதன்று. 2006இல் ஒரு மோட்டார் கார் வழக்கில், உத்தரவாத விதி உறுப்பை மாற்றித் தரத்தான் கட்டுப்படுத்துகிறது, முழு வண்டியையும் அன்று என்று உச்ச நீதிமன்றம் கூறியதையும் மறத்தலாகாது.

என் பழைய மாணவி ஒருத்தி காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை செய்கிறாள். தவணையில் வாங்கிய அவளுடைய பெட்டி, உத்தரவாதம் முடிந்து மூன்றாம் வாரம் குளிர்விப்பதை நிறுத்திவிட்டது. தவணையோ இன்னும் தீரவில்லை. "காலம் முடிந்துவிட்டதம்மா" என்றார் கடைக்காரர். "ஐயா, மாசம் பூரா தைச்சாலும் புதுசு வாங்க முடியாது" என்று என்னிடம் வந்து நின்றாள். ரசீதையும் சீட்டையும் எடுத்து வரச் சொன்னேன். கம்ப்ரெசருக்கு மட்டும் 5 ஆண்டு உறுதி என்று சீட்டின் பின்புறத்தில் அச்சிட்டிருந்தது. கடைக்காரர் சொல்லவில்லை, அவளும் படிக்கவில்லை. அவ்வரியைச் சுட்டிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதினோம். கம்ப்ரெசர் இலவசமாக வந்தது. வாயு நிரப்பவும் கூலிக்கும் அவள் பணம் கொடுத்தாள்.

செய்தவரே பொறுப்பேற்க வேண்டும் என்னும் நியாயம் எங்கள் வட்டாரத்துக்குப் புதிதன்று. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கு விலை தர வேண்டும் என்னும் நெறியை நாட்டின் சட்டமாக ஏற்றது. பழுதுபார்க்க வழியின்றித் தூக்கி எறியப்படும் பெட்டிகளும் மாசுதானே? 2011ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள், எறியப்பட்ட சாதனங்களைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்தன.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் குளிர்பதனப் பெட்டியின் உதிரி உறுப்புகளைக் குறைந்தது 7 ஆண்டும், சலவை இயந்திரத்தின் உறுப்புகளைக் குறைந்தது 10 ஆண்டும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதித்தது. நம் நாட்டில் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24இல் அதற்கென ஓர் இணைய வாயிலைத் திறந்தது. உற்பத்தியாளர் தம் பொருளின் பழுதுபார்ப்பு விவரங்களை அங்கே தர வேண்டும் என்பது நோக்கம். எங்கள் ஊர்க் கடைவீதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைக்காரர் எந்தக் கிரைண்டரையும் ஒரு பகற்பொழுதில் ஓட வைத்துவிடுவார். புதிய சலவை இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகை கையில் வந்தால்தான் திகைக்கிறார். அதன் படத்தையும் உதிரி உறுப்பையும் கொடுத்தால் அதையும் சீர்செய்யத் தம்மால் இயலும் என்கிறார்.