நுரையீரல் காற்றுக் கசிவு: தீவிர சிகிச்சைப் பிரிவின் இக்கட்டு

தெற்கு லண்டனில் தமிழர்கள் கணிசமாக வாழும் தோர்ண்டன் ஹீத்தில் அமைந்துள்ளது குரொய்டன் பல்கலைக்கழக மருத்துவமனை. 2010 வரை மேடே என்ற பெயரில் இயங்கியதால், மூத்தவர்கள் பலருக்கு அது மேடேதான். இத்தகைய பொது மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் எதிர்கொள்ளும் கடினமான சிக்கல்களில் ஒன்று, நோயாளியின் நுரையீரலிலிருந்து காற்று கசிவது.

நுரையீரலின் நுண்ணறைகள் கிழியும்போது, காற்று வெளியேறி நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே தேங்குகிறது. செயற்கை சுவாசக் கருவியில் இருப்பவருக்கு இது மேலும் ஆபத்தானது. கருவி ஒவ்வொரு மூச்சையும் அழுத்தத்துடன் செலுத்துவதால் தேக்கம் விரைவாகப் பெருகி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைத் தடுத்து, சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடும்.

முதற் சிகிச்சை, மார்பில் குழாய் செருகி அதன் மறுமுனையை நீருக்கடியில் வைப்பது. ஹாம்பர்க் மருத்துவர் கோட்ஹார்ட் பூலாவ் 1891ல், மார்பில் தேங்கிய சீழை அகற்றுவதற்காக விவரித்த முறை இது. நீரில் குமிழிகள் எழும்வரை கசிவு தொடர்கிறது என்று பொருள். அப்போது குழாயை இறுக்கி மூடுவது பெரும் தவறு. குழாய் செருகுவதும் எளிய வேலையல்ல. 2005 ஜனவரி முதல் 2008 மார்ச் வரை இதனுடன் தொடர்புடைய 12 மரணங்கள் தெரிவிக்கப்பட்டதாக, பிரிட்டனின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2008ல் எச்சரித்தது.

உண்மையான இக்கட்டு அதன் பின்னரே தொடங்குகிறது. கிழிசல் ஆற வேண்டுமானால் கருவியின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். நோயுற்ற நுரையீரல் விரிந்திருக்க வேண்டுமானால் அழுத்தம் தேவை. ஆகவே மருத்துவர்கள் மூச்சின் அளவைக் குறைத்து, இரத்தத்தில் கரியமில வாயு ஓரளவு கூடுவதைப் பொறுத்துக்கொள்கின்றனர். கடும் நுரையீரல் பாதிப்பில், ஒரு கிலோ எடைக்கு 12 மில்லிலிட்டருக்குப் பதிலாக 6 மில்லிலிட்டர் என்ற சிறு மூச்சு இறப்பைக் குறைப்பதை 2000ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த எடையும் உயரத்தைக் கொண்டு கணிக்கப்படுவது. குழாயில் உறிஞ்சுவிசை சேர்த்தால் நுரையீரல் விரியலாம். ஆனால் அதே விசை கசிவை நீடிக்கவும் செய்யலாம். அந்தக் கசிவை நோயாளியின் மூச்சு முயற்சியெனக் கருவி தவறாகக் கொள்வதும் உண்டு.

கசிவு நிற்காதபோது, மூச்சுக்குழாயினுள் ஒருவழி வால்வு பொருத்துவது, இரு நுரையீரல்களுக்கும் தனித்தனியே சுவாசம் அளிப்பது, அறுவைச் சிகிச்சை ஆகியவை எஞ்சுகின்றன. மார்பு அறுவைச் சிகிச்சை எல்லாப் பொது மருத்துவமனைகளிலும் இல்லை. டூட்டிங்கிலுள்ள செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை போன்ற மையங்களே அதனை அளிக்கின்றன. ஆனால் மிகவும் நலிந்த நோயாளியை ஆம்புலன்சில் ஏற்றுவதே ஓர் அபாயம். பயணம் முழுவதும் அந்த நீர்க்குப்பி மார்பு மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். குழாய் எங்கும் மடங்கிவிடக் கூடாது.