சங்கரன்கோவில் அடுக்களையில் டெக்ஸ்-மெக்ஸ் லோடட் ஃப்ரைஸ்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப்பொருளும் கருதுகோளும்

மொறுமொறுப்பாகப் பொரித்த உருளைக்கிழங்கு விரல்களின் மேல் உருகிய சீஸ், காரக் கொத்துக்கறி, பயறு, தக்காளிக் கலவை, புளித்த பாலேடு ஆகியவற்றை அடுக்கித் தருவது டெக்ஸ்-மெக்ஸ் பாணி லோடட் ஃப்ரைஸ். தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் இதை வீட்டிலேயே செய்ய விரும்பும் ஒருவர் முதலில் சந்திப்பது பொருள்களின் பெயர்ப் பட்டியலை. ஹலபெனோ, ஆன்ச்சோ, ஆரெகனோ, கெசோ, சவர் கிரீம் என்று நீளும் அந்தப் பட்டியலைக் கண்டதும் பலர் அடுப்பை மூட்டாமலே விட்டுவிடுகிறார்கள்.

உண்மையில் இந்த உணவின் அடிப்படை இப்பகுதிக்குப் புதிதன்று. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றிச் சாப்பிடுபவர் அனுபவிப்பதும் இதே இன்பம்தான்: முறுகலும் ஈரமும் ஒரே வாயில் சேர்வது, முறுகல் முழுதும் ஊறிப்போகும் முன் உண்டு முடிப்பது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1950களில் பரவிய பூட்டின் என்ற உருளைக்கிழங்கு உணவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இக்கட்டுரையின் கருதுகோள் எளியது. ஒரு பொருளுக்கு மாற்றுத் தேடும்போது அதன் பெயரைப் பார்க்காமல், தட்டில் அது செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தேவையானவற்றில் பெரும்பகுதி சங்கரன்கோவில் சந்தையிலேயே கிடைக்கும். சில இடங்களில் மட்டும் மாற்று செல்லாது; அதற்கான காரணமும் அந்த வேலையிலேயே இருக்கும்.

2. வரலாற்றுப் பின்னணி

2.1 எல்லை ஊர்களின் உணவு

டெக்சாஸ், மெக்சிகோ நாட்டிடமிருந்து பிரிந்து பின்னர் அமெரிக்காவுடன் இணைந்த நிலம். அங்கு வாழ்ந்த மெக்சிகோ வழியினரின் சமையல், கிடைத்த மாட்டிறைச்சி, கோதுமை, மஞ்சள் சீஸ் ஆகியவற்றோடு கலந்து தனி வடிவம் எடுத்தது. 1880களிலிருந்து சான் அன்டோனியோ நகரச் சதுக்கங்களில் மாலை வேளைகளில் அடுப்பு மூட்டிக் காரக்கறி விற்ற பெண்கள் ‘சில்லி அரசிகள்’ என்று புகழ்பெற்றனர். சுகாதார விதிகளின் பெயரால் 1937இல் அவர்களுடைய கடைகள் அகற்றப்பட்டன. தெருவோரத்தில் பெண்கள் வளர்த்த அந்தச் சுவையை, 1977இல் டெக்சாஸ் தன் மாநில உணவாக அறிவித்தது. இந்த உணவின் வரலாற்றை எழுதுவோர் அப்பெண்களுக்கு முதல் மரியாதை செய்யக் கடமைப்பட்டவர்கள்.

வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி, 1890களில் மிளகாய் வற்றலையும் சீரகம் முதலிய மணப்பொருள்களையும் சேர்த்து அரைத்த பொடியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1940களின் தொடக்கத்தில் எல்லை நகரான பியத்ராஸ் நெக்ராஸில் இக்னாசியோ அனாயா, சோள வறுவலின் மேல் சீஸும் ஊறிய மிளகாயும் இட்டுச் சூடாக்கிக் கொடுத்தார். அவருடைய செல்லப்பெயர் ‘நாச்சோ’ அந்த உணவுக்கே பெயராயிற்று. சோள வறுவலின் இடத்தில் உருளைக்கிழங்கை வைத்தால் நம் ஆய்வுப்பொருள் கிடைத்துவிடுகிறது.

2.2 மிளகாயும் சீரகமும்

உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பயிர். மிளகாயும் அமெரிக்கக் கண்டத்ததே. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக அது இந்தியா வந்தது. சீரகமும் கொத்தமல்லியும் எதிர்த்திசையில் பயணம் செய்தவை. பழைய உலகத்துப் பயிர்களான அவற்றை ஸ்பானியர் மெக்சிகோவுக்குக் கொண்டு சென்றனர். மெக்சிகோவின் உள்நாட்டுச் சமையலிலிருந்து டெக்ஸ்-மெக்ஸைப் பிரித்துக் காட்டும் முதல் அடையாளம், அதில் தாராளமாக விழும் சீரகம். மிளகாயும் சீரகமும் சேர்ந்த மணம் நம் ஒவ்வொரு வீட்டு அம்மியும் மிக்சியும் அறிந்தது. இரு சமையல்களும் ஒரே கொடுக்கல்வாங்கலின் இரண்டு கரைகள்.

3. பொருள் தேர்வு

அளவுகள் நான்கு பேருக்கானவை.

3.1 கிழங்கு (750 கிராம்)

கடைகளில் மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் ஊட்டிக் கிழங்கும் வடநாட்டுக் கிழங்கும் கிடைக்கின்றன. பொரிப்பதற்கு ஊர்ப்பெயரைவிட மாவுச்சத்தே முக்கியம். நீர் மிகுந்த கிழங்கு பொரிந்ததும் துவளும். மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வெளியிட்ட குஃப்ரி சிப்சோனா வகைகள், இந்த நோக்கில் மாவுச்சத்து மிகுதியாகவும் சர்க்கரை குறைவாகவும் இருக்கும்படி உருவாக்கப்பட்டவை.

வகை தெரியாத கிழங்கை வீட்டிலேயே சோதிக்கலாம். 1 பங்கு உப்பை 11 பங்கு தண்ணீரில் கரைத்துக் கிழங்கை அதில் இட வேண்டும். மூழ்குவது மாவுக் கிழங்கு. மிதப்பது குழம்புக்கும் கூட்டுக்கும் உரியது. கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாகாது. குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறும். பொரிக்கும்போது உள்ளே வேகும் முன்பே மேற்புறம் கறுக்கும்.

3.2 காரப்பொடி

ஆன்ச்சோ என்பது காரம் குறைந்து நிறமும் சதையும் மிகுந்த வற்றல். நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய் 6, காரத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் 3, இவற்றோடு 2 தேக்கரண்டி சீரகம் சேர்த்து மெல்லிய தீயில் வறுத்துப் பொடித்தால் அதன் வேலை நடந்துவிடும்.

ஆரெகனோவின் மணத்துக்குக் காரணம் கார்வக்ரால், தைமால் என்னும் எண்ணெய்ச் சேர்மங்கள். வாசல் தொட்டியில் சளி மருந்துக்காக வளர்க்கும் ஓமவல்லியிலும் இவை உண்டு. பொடியாக அரிந்த 3 இலை போதும். பெயரில் தொலைவும் வேலையில் நெருக்கமும் கொண்ட மாற்றுக்கு இதுவே சிறந்த சான்று.

3.3 கறியும் பயறும்

மட்டன் பிரியாணிக்குப் பெயர்பெற்ற சங்கரன்கோவிலில் நல்ல வெள்ளாட்டுக் கொத்துக்கறிக்குக் குறைவில்லை. 250 கிராம் கறியை, வதக்கிய வெங்காயம், 6 பல் பூண்டோடு அதன் நீர் வற்றும்வரை கிளற வேண்டும். 2 மேசைக்கரண்டி காரப்பொடி, 2 தக்காளி, ஓமவல்லி, உப்பு, 100 மி.லி. தண்ணீர் சேர்த்து மூடி, சிறுதீயில் கறி மிருதுவாகும்வரை வேகவிட வேண்டும். பிறகு திறந்துவைத்துச் சுண்டவைக்க வேண்டும். கரண்டியால் கோடிழுத்தால் சட்டியின் அடி தெரிந்து, அந்தத் தடம் உடனே மூடாமல் நிற்பதே பதம்.

காரக்கறியில் பயறு சேர்க்கலாகாது என்பது டெக்சாஸ் மரபாளர்களின் உறுதியான கொள்கை. ஆகவே பயறு தனி அடுக்காக வரட்டும். ராஜ்மாவைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் தட்டைப்பயற்றை டெக்சாஸும் விரும்பி உண்கிறது; ‘டெக்சாஸ் கேவியர்’ என்று அங்கே புகழ்பெற்ற கலவை அதில் செய்வதுதான். ஆடித்தபசுத் திருவிழாக் காலத்தில் கறி சமைக்காத வீடுகளில், இதே காரப்பொடியில் சுண்டவைத்த தட்டைப்பயறே முழுச் சுமையையும் தாங்கும்.

3.4 சீஸ்

இங்கே எச்சரிக்கை தேவை. சீஸுக்குப் பன்னீர் மாற்றாகாது. எலுமிச்சையோ மோரோ விட்டுத் திரித்த பன்னீர் எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது. இரண்டும் பாலில் பிறந்தவை, வேலை வேறு. கெசோ என்னும் சீஸ் குழம்புக்கு வழவழவென்று வழியும் தன்மை வேண்டும். கடையில் கட்டியாக விற்கும் பதப்படுத்திய சீஸில் சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகள் உள்ளன. அவை கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் பாலின் புரதம் தளர்ந்து, கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் சேர்த்து வைக்கிறது. துருவிய 150 கிராம் சீஸில் 1 தேக்கரண்டி சோள மாவைப் பிசறி, சூடான 150 மி.லி. பாலில் சிறிது சிறிதாகச் சேர்த்து, கொதிக்கவிடாமல் கலக்க வேண்டும்.

3.5 குளிர்ந்த பொருள்கள்

புளித்த பாலேட்டின் வேலை, காரத்தைத் தணித்துப் புளிப்பைத் தருவது. கெட்டித் தயிரைத் துணியில் கட்டி 3 மணி நேரம் தொங்கவிட்டால் அது கிடைக்கும். நாட்டுத் தக்காளி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தழை ஆகியவற்றை அரிந்து உப்பிட்டு, 10 நிமிடம் வடிகட்டியில் வைத்து, நீர் இறங்கியபின் புளியங்குடி எலுமிச்சையைப் பிழிய வேண்டும். கொடைக்கானல் மலைச்சரிவில் விளையும் பட்டர் ஃப்ரூட் கிடைத்தால் மசித்துச் சேர்க்கலாம்.

4. பொரிக்கும் முறை

கிழங்கை 1 செ.மீ. கனமுள்ள விரல்களாக நறுக்கி, நீர் தெளியும்வரை அலச வேண்டும். 2 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்து, 8 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட வேண்டும். கிழங்கின் உயிரணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின், புளிப்பில் எளிதில் கரையாது. அதனால் விரல்கள் வெந்தும் உடையாமல் நிற்கும்.

துணியில் பரப்பி ஈரம் உலர்ந்தபின், 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் கடலை எண்ணெயில் 3 நிமிடம் முதல் பொரிப்பு. கோவில்பட்டிக் கடலை மிட்டாயால் பெயர்பெற்ற இந்த வட்டாரத்தில் செக்குக் கடலெண்ணெய் எளிதில் கிடைக்கும். ஆனால் அது விரைவில் புகைவதால், இந்த வேலைக்குச் சுத்திகரித்த கடலெண்ணெய் ஏற்றது. எடுத்து அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். அதற்குள் உள்ளிருக்கும் ஈரம் மேற்புறத்துக்கு வரும். பின் 185 டிகிரியில் பொன்னிறமாகும்வரை இரண்டாம் பொரிப்பு. முதற்பொரிப்பு உள்ளே வேகவைக்கிறது. இரண்டாவது முறுகலான மேற்புறத்தை உருவாக்குகிறது.

எண்ணெயிலிருந்து எடுத்தபின்தான் கிழங்கு பெரும்பகுதி எண்ணெயை உறிஞ்சுகிறது. உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும்போது, மேலே ஒட்டிய எண்ணெயை உள்ளே இழுக்கிறது. எனவே அரிகரண்டியில் உடனே நன்றாக உதறி வடிக்க வேண்டும். பாத்திரத்தில் குவித்து மூடினால் அந்த ஆவியே முறுகலைக் கெடுத்துவிடும்.

5. அடுக்கும் முறை

இந்த உணவின் வெற்றி வரிசையில் இருக்கிறது. அகன்ற தட்டில் ஃப்ரைஸைப் பரப்பி, முதலில் சீஸ் குழம்பின் பாதியை ஊற்ற வேண்டும். கொழுப்பு மிகுந்த அது கிழங்கின் மேல் பூச்சாகப் படிந்து, மேலிருந்து வரும் நீரைச் சற்று நேரம் தடுக்கும். அதன்மேல் சுண்டிய கறி, பயறு, மீதிச் சீஸ். சூடானவை முடிந்தபின் குளிர்ந்தவை: தக்காளிக் கலவை, பட்டர் ஃப்ரூட், கடைசியாகத் தயிர். தட்டின் ஓரத்தில் ஒரு கைப்பிடி ஃப்ரைஸை எதுவும் படாமல் விட்டுவைத்தால் முடிவுவரை முறுகல் கிடைக்கும். எல்லாரும் உட்கார்ந்தபின் அடுக்குவதே முறை. தட்டு மனிதருக்காகக் காத்திருக்காது.

6. முடிபு

ஆன்ச்சோவுக்குக் காஷ்மீரி மிளகாயும் முண்டும், ஆரெகனோவுக்கு ஓமவல்லி, புளித்த பாலேட்டுக்குக் கட்டித் தயிர் ஆகியவை வேலையால் பொருந்தின. பன்னீர் அதே அளவுகோலால் விலகிற்று.

இந்த அளவுகோல் தமிழுக்குப் புதியதன்று. கடல் கடந்து வந்த, முன்பின் பார்த்திராத ஒரு காய்க்கு நம் முன்னோர் அதன் அயல்பெயரைத் தேடிப் போகவில்லை. நாக்கில் அது செய்த வேலையைக் கவனித்தார்கள், மிளகைப் போல உறைக்கிறது என்று கண்டார்கள், மிளகாய் என்றார்கள்.