ஜெனீவா வாக்கும் ஓட்டமாவடி மையவாடியும்: இலங்கையின் வெளிநாட்டுக் கொள்கையைக் கோட்பாடுகள் வழியே வாசித்தல்

நிந்தவூரில் உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பித்து வருகிறேன். சர்வதேச உறவுகள் பற்றிய பாடம் வந்தால் பிள்ளைகள் யதார்த்தவாதம், தாராளவாதம் என்று வரைவிலக்கணங்களை மனனம் செய்துவிடுவார்கள். ஒருநாள் பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், இம்ரான் கான் வந்து போன பிறகுதானே ஜனாஸாக்களை அடக்க விட்டாங்க. அது இதில எந்தக் கோட்பாடு?"

அன்று என்னிடம் நேரான விடை இருக்கவில்லை. வளர்முக நாடொன்றின் வெளிநாட்டுக் கொள்கையை விளங்கிக்கொள்ள அதைவிட நல்ல கேள்வி இல்லை என்று பின்னர்தான் பட்டது.

நடந்தது என்ன?

கொவிட் தொற்றால் இறப்பவர்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கி 2020 ஏப்ரலில் வர்த்தமானி வெளியானது. அடக்கம் செய்வதிலும் எரிப்பதிலும் ஆபத்தில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலாக இருந்தது. இதற்கெதிரான அடிப்படை உரிமை மனுக்களை 2020 டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அதே மாத இறுதியில், சுகாதார அமைச்சு நியமித்த நிபுணர் குழுவொன்று அடக்கத்தையும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அப்போதும் அரசாங்கம் அசையவில்லை. பிறந்து 20 நாளான குழந்தை கூட எரிக்கப்பட்டது. எரித்துவிடுவார்கள் என்ற பயத்தில், காய்ச்சல் வந்தும் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்த வயதாளிகளை எங்கள் ஊரிலேயே கண்டேன்.

2021 பெப்ரவரி 22 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையின் 46 ஆவது அமர்வு ஜெனீவாவில் தொடங்கியது. இலங்கை மீதான பிரேரணை அங்கு வரவிருந்தது. 23 ஆம் திகதி பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்தார், மறுநாள் திரும்பினார். 25 ஆம் திகதியிட்ட வர்த்தமானி அடக்கத்துக்கு அனுமதி தந்தது. விஜயத்துக்கும் வர்த்தமானிக்கும் தொடர்புண்டு என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நீதிமன்றத்தாலும் நிபுணர்களாலும் பத்து மாதமாக நடக்காதது நான்கு நாளில் நடந்தது.

யதார்த்தவாதம் சொல்வதும் சொல்லாததும்

ஹான்ஸ் மோர்கன்தோவும் கென்னத் வோல்ட்ஸும் வளர்த்த யதார்த்தவாதத்தின் சாரம் எளிது. உலகில் நாடுகளுக்கு மேலே ஓர் அரசாங்கம் இல்லை. ஒவ்வொரு நாடும் தன் பாதுகாப்பைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். பலமுள்ளவன் சொல்வதே நடக்கும்.

இலங்கையின் பல தீர்மானங்களுக்கு இது பொருந்தும். 1987 ஜூலை 29 இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகியபோது பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குக் கேடாக திருகோணமலைத் துறைமுகத்தை எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுப்பதில்லை என்று இலங்கை உறுதியளித்தது. 2022 ஆகஸ்டில் சீனக் கப்பல் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வரவிருந்தபோது இந்தியா ஆட்சேபித்தது. கொழும்பு முதலில் பயணத்தைப் பிற்போடச் சொல்லி, பிறகு அனுமதித்தது. அந்தத் துறைமுகம் 2017 இல் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போயிருந்தது. மறுபக்கம், நாடு வங்குரோத்தான 2022 இல் ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவி தந்தது இந்தியா. இருவரையும் பகைக்க முடியாத சிறிய நாடு, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சாய்ந்து நின்றது.

ஆனால் ஜனாஸா விடயத்தில் யதார்த்தவாதம் தடுமாறுகிறது. பாகிஸ்தான் இலங்கையைப் பணிய வைக்கும் வல்லரசு அல்ல. அதன் பிரதமரின் இரண்டு நாள் விஜயத்துக்கு அவ்வளவு பாரம் எங்கிருந்து வந்தது?

நிறுவனங்களும் அடையாளமும்

இந்த இடத்தில் தாராளவாதம் கைகொடுக்கிறது. 1977 இல் றொபர்ட் கியோஹேனும் ஜோசப் நையும் சொன்னது இது: நாடுகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் உலகில் இராணுவ பலம் மட்டும் முடிவைத் தீர்மானிப்பதில்லை, சர்வதேச நிறுவனங்கள் பலவீனமான நாடுகளுக்கும் ஒரு பிடி கொடுக்கின்றன. மனித உரிமைகள் பேரவையில் 47 நாடுகள். ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. அந்த மண்டபத்தில் செனகலின் கையும் ஜேர்மனியின் கையும் ஒரே கணக்கு.

இலங்கைக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது முஸ்லிம் நாடுகளின் வாக்கு. அந்நாடுகளின் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்போ கட்டாய எரிப்புக் குறித்து ஏற்கனவே கவலை வெளியிட்டிருந்தது. நலனை மட்டுமன்றி, 'நாம் யார்' என்ற எண்ணத்தையும் நாடுகளின் நடத்தைக்குக் காரணமாகக் காட்டும் ஆக்கவாதம் இதை விளக்கும். ஜனாஸாவை எரிப்பது உலகின் எந்த மூலையில் உள்ள முஸ்லிமுக்கும் விளக்கம் தேவைப்படாத வேதனை.

மார்ச் 23 இல் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 22, எதிர்ப்பு 11, நடுநிலை 14. பாகிஸ்தானும் பங்களாதேஷும் இலங்கையோடு நின்றன. இந்தோனேசியா, பஹ்ரைன், லிபியா, சூடான், செனகல் ஆகியன நடுநிலை வகித்தன. பிரேரணை நிறைவேறியது. கட்டாய எரிப்புப் பற்றிய கவலையும் அதன் வாசகத்தில் இருந்தது.

உள்ளே இருக்கும் பயம்

அப்படியானால், இவ்வளவு விலை கொடுக்க வேண்டி வரும் என்று தெரிந்தும் அரசாங்கம் ஏன் பத்து மாதம் பிடிவாதமாக இருந்தது? என் வகுப்பறைக் குறிப்புகளில் இல்லாத இரண்டு பெயர்கள் இங்கே உதவின.

மூன்றாம் உலக நாடுகளின் பாதுகாப்புச் சிக்கல் பற்றி 1995 இல் எழுதிய முஹம்மது அய்யூப், மேற்கின் கோட்பாடுகள் அச்சுறுத்தலை எப்போதும் எல்லைக்கு வெளியே தேடுகின்றன என்றார். காலனித்துவத்திலிருந்து விடுபட்ட நாடுகளில் ஆட்சியாளரின் பயம் பெரும்பாலும் உள்ளேதான். ஸ்டீவன் டேவிட் 1991 இல் இன்னும் நேராகச் சொன்னார்: இந்நாடுகளின் தலைவர்கள் உள்நாட்டு எதிரிகளைச் சமாளிப்பதற்காகவே வெளிநாட்டு நண்பர்களைத் தெரிவு செய்கிறார்கள்.

இஸ்ரேலுடனான உறவைப் பாருங்கள். 1970 இல் சிறிமாவோ அரசாங்கம் அதை நிறுத்தியது. வடக்கில் ஆயுதப் போராட்டம் வலுத்தபோது, உதவி தேடிய ஜே. ஆர். ஜயவர்தன, முஸ்லிம்களின் எதிர்ப்பையும் மீறி 1984 இல் இஸ்ரேலிய நலன்பேண் பிரிவொன்றைக் கொழும்பில் திறக்க விட்டார். 1990 இல் பிரேமதாச அதை மூடினார். 2000 இல், யுத்தம் கடுமையாக இருந்த நேரத்தில், முழு உறவு மீண்டது. இஸ்ரேல் மாறவில்லை, மாறியது இங்குள்ள ஆட்சியின் தேவை.

கட்டாய எரிப்பும் அப்படித்தான். பெரும்பான்மை வாக்கில் வந்த அரசாங்கம் தன் வாக்காளர் முன்னால் விட்டுக்கொடுப்பதாகத் தெரியக்கூடாது என்று பயந்தது. 1988 இல் றொபர்ட் பட்னம் இதனை இரு மட்ட ஆட்டம் என்றார்: தலைவர் வெளிநாட்டு மேசையிலும் உள்நாட்டு மேசையிலும் ஒரே நேரத்தில் விளையாடுகிறார். ஜெனீவா நெருங்கும் வரை உள்நாட்டு மேசை வென்றது. நெருங்கியதும் வெளிநாட்டு மேசை வென்றது. மாணவியின் கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான்.

மேசையில் நாம் இருந்தோமா?

விடை கிடைத்ததும் வேறொரு கேள்வி எழுந்தது. இரண்டு மேசையிலும் முஸ்லிம்கள் எங்கே இருந்தார்கள்?

1987 ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தது. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று மக்களின் அரசியல் எதிர்காலத்தைத் தொட்ட அந்த ஒப்பந்தத்தில் அவர்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லாதென்றது. அன்று வெளிநாட்டுக் கொள்கை நம்மைக் கேட்காமல் நம்மைப் பாதித்தது. 2021 இல் அதே கொள்கை நம்மைக் கேட்காமல் நமக்கு உதவியது. முறை ஒன்றுதான். நாம் கருவியாகவோ விலையாகவோ இருந்தோம், தரப்பாக இருக்கவில்லை.

அனுமதி கிடைத்த பிறகு நடந்ததும் அதைக் காட்டியது. முதலில் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவை அரசாங்கம் தெரிவு செய்தது. நீண்ட போராட்டத்தின் பின் சொந்த மண்ணுக்குத் திரும்பியிருந்த தமிழ்க் கடற்றொழிலாளர்கள் எதிர்த்தார்கள். ஒரு சிறுபான்மையின் துயரத்தை இன்னொரு சிறுபான்மையின் வாசலில் இறக்கி வைக்கும் முடிவு அது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கம் ஆரம்பமாகி ஒரு வருடம் நீடித்தது. 3,000க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். எங்கள் பகுதியிலிருந்து கப்ரை ஸியாரத் செய்யப் போகிறவர்கள் மட்டக்களப்பையும் தாண்டிப் போக வேண்டும்.

2024 ஜூலையில் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. ஆனால் அவ்வாறு இனி நடக்காமல் தடுக்க வலுவான உள்நாட்டுப் பாதுகாப்பு இல்லாவிட்டால், அடுத்த முறையும் ஜெனீவாவின் நாட்காட்டியைத்தான் பார்த்திருக்க வேண்டும். இன்னொருவரின் வாக்குத் தேவையால் கிடைத்த உரிமை, அந்தத் தேவை தீர்ந்தால் போய்விடும்.

அந்த மாணவி இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அடுத்த தொகுதிப் பிள்ளைகளுக்குப் பாடத்தை வரைவிலக்கணத்தில் தொடங்குவதை விட்டுவிட்டேன். முதலில் கரும்பலகையில் மூன்று திகதிகளை எழுதுகிறேன்: பெப்ரவரி 22, 23, 25. பிறகு அவர்களைக் கேட்கச் சொல்கிறேன்.