துப்பறியும் கதையும் சரித்திர நாவலும்

நூல்கள் பலவகை, அவற்றைச் சுவைப்போர் உள்ளமும் பலவகை. ஒருவர் விரும்பிப் படிப்பதை மற்றொருவர் தொடவும் மாட்டார். ஆயினும், ஒரு காலத்து மக்களுள் பெரும்பாலோர் ஒரே வகை நூலை நாடிச் செல்வதும் உண்டு. அதன் காரணம் யாது? தமிழ் நாவலின் இரண்டு வகைகளை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படும் அந்நூல், நகைச்சுவையோடு நீதி புகட்ட எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, பெரிய வாசகர் கூட்டத்தைத் திரட்டியவை துப்பறியும் கதைகளே. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவி நாவல்கள் பல எழுதினார். ஜே. ஆர். ரங்கராஜு படைத்த துப்பறியும் கோவிந்தனையும், வடுவூர் துரைசாமி ஐயங்கார் படைத்த திகம்பர சாமியாரையும் அக்கால வாசகர் நன்கறிவர்.

இக்கதைகள் தோன்றுதற்குரிய சூழல் முன்னரே உருவாகியிருந்தது. சென்னையில் உயர்நீதிமன்றம் 1862-இல் அமைந்தது. இந்தியச் சாட்சியச் சட்டம் 1872-இல் பிறந்தது. சான்றின்றித் தண்டனை இல்லை என்னும் எண்ணம் மக்களிடையே பரவியது. சான்று காட்டி வழக்குரைத்தல் தமிழருக்குப் புதிதன்று. கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டவில்லையா? ஆனால் அவள் அதனைக் காட்டியது கோவலன் வெட்டுண்ட பின்னர். தண்டனைக்கு முன்பே ஒருவன் உண்மையைத் தேடி வந்துவிடுவான், குற்றமற்றவன் பிழைத்துக்கொள்வான் என்ற ஆறுதலைத் துப்பறியும் கதை அளித்தது. அறிஞர் சிலர் அதனை இழித்துரைத்தனர். நடையில் குறைகள் இருந்தமை மெய்யே. ஆயினும், நூலைக் கையில் எடுத்தறியாத பலரை எழுத்துக்கூட்டியேனும் படிக்கத் தூண்டிய பெருமை அதற்கு உண்டு.

அடுத்து வந்தது சரித்திர நாவல். கல்வெட்டுகளைத் தொகுத்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் முதல் தொகுதி 1890-இல் அச்சேறியது. நீலகண்ட சாஸ்திரியார் ஆங்கிலத்தில் எழுதிய சோழர் வரலாற்றின் முதற்பகுதி 1935-இல் வெளிவந்தது. அறிஞரின் மேசையில் குவிந்த இச்செய்திகளைக் கல்கி பொதுமக்களின் திண்ணைக்குக் கொண்டுவந்தார். விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் 'பார்த்திபன் கனவு' தொடராகத் தொடங்கியது; 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வெளிவந்தது. 'நம் முன்னோர் எவ்வாறு வாழ்ந்தனர்?' என்று மக்கள் வினவிய வேளையில் இந்நாவல்கள் விடையளித்தன.

இவ்விரு வகைகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் ஒரு கல்வெட்டு உளது. அது முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என ஆய்வாளர் பலர் கொள்வர். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அது சுட்டுகிறது. உறவினர் நிலங்கள் பறிக்கப்பட்டதையும் கூறுகிறது. ஏன் கொன்றனர் என்பதை மட்டும் கூறவில்லை. அந்த மௌனத்திலிருந்தே கல்கியின் கற்பனை பெரிதும் வளர்ந்தது. கொலை செய்த கை எது என்பதில் அவர் ஐயத்துக்கு இடம்வைத்தே கதையை முடித்தார். வாசகர் இன்றும் வாதிடுகின்றனர். துப்பறியும் கதையில் சுவைத்த அதே ஆர்வம் இங்கே அரசுடை தரித்து நிற்கிறது!

மாணவர்கள் இங்கே ஓர் எச்சரிக்கையைக் கொள்ளுதல் வேண்டும். வந்தியத்தேவன் கல்வெட்டில் பெயர் பெற்றவன், குந்தவையின் கணவன். நந்தினியோ கல்கியின் கற்பனையில் பிறந்தவள். இருவரும் நம் நெஞ்சில் ஒன்றுபோலவே உயிர்பெற்று உலவுவது நாவலாசிரியரின் வெற்றி. இருவரையும் ஒன்றாக மயங்கி எண்ணுதல் வாசகரின் தோல்வி. நந்தினியின் சூழ்ச்சியைச் சரித்திரத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிட்டுமா?

ஆகவே, விரும்பும் நூலைத் தயங்காது படியுங்கள். துப்பறியும் கதை கற்றுத்தந்த கேள்வியை, 'இதற்குச் சான்று எங்கே?' என்னும் அவ்வொரு கேள்வியை, சரித்திர நாவலை மூடிய பின்னரும் கேளுங்கள். அது உங்களைக் கல்வெட்டின் முன் கொண்டுபோய் நிறுத்தும். கதை தந்த இன்பம் அங்கே அறிவாகக் கனியும்.