செல்லோவை வைத்துவிட்டுப் பாஸை எடுத்தவர்

டெட்ராய்ட் நகரின் காஸ் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளி, இசை படிப்பதற்குப் பேர்போன இடம். 1950-களின் தொடக்கத்தில் ரான் கார்ட்டர் என்ற கறுப்பின மாணவர் அங்கே செல்லோ படித்துக்கொண்டிருந்தார். பத்து வயதிலேயே வில் பிடித்தவர். ஆனால் வெளியே வாசிக்க ஆள் கேட்டு வரும்போதெல்லாம் அழைப்பு வெள்ளைக்கார மாணவர்களுக்கே போனது. அந்தச் சமயம் பள்ளி இசைக்குழுவில் டபுள் பாஸ் வாசித்தவர் படிப்பு முடிந்து கிளம்ப, கார்ட்டர் ஒரு கணக்குப் போட்டார். பாஸுக்குப் பள்ளியிலேயே தான் ஒருவர்தான் என்றால் எப்படி ஒதுக்குவார்கள்? செல்லோவை வைத்துவிட்டு, ஆளை மிஞ்சும் உயரமுள்ள அந்த வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டார்.

கணக்கு பாதிதான் பலித்தது.

ராச்செஸ்டரின் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் 1959-ல் பட்டம் பெற்றார். அங்கே படித்த நாட்களில், விருந்தினராக வந்த நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி அவர் வாசிப்பைப் பாராட்டினார். கூடவே, தாம் நடத்திவந்த ஹூஸ்டன் சிம்பனியில் கறுப்பர் ஒருவரைச் சேர்க்க நிர்வாகிகள் ஒப்பமாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டார். ஜாஸ், செவ்வியல் இரண்டிலும் கைதேர்ந்தவர்களைப் பற்றி எழுதும்போது ரசனையின் விரிவு என்று புகழ்வது வழக்கம். கார்ட்டரின் தலைமுறையில் அந்த விரிவுக்குப் பின்னால் பெரும்பாலும் சாத்திய கதவு ஒன்று இருந்தது.

ஜாஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. நியூயார்க்கில் 1961-ல் முதுகலைப் பட்டம் முடித்தார். 1963-ல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவுக்குள் போனார். அங்கே அதற்கு முன் வாசித்த பால் சேம்பர்ஸும் காஸ் பள்ளிக்காரர்தான். ஜாஸ் மேடையில் வில்லால் தனி ஆவர்த்தனம் செய்து பேர் வாங்கியவர். டபுள் பாஸில் வீணைக்கு இருப்பதுபோல் மெட்டுகள் கிடையாது. விரல் இம்மி பிசகினாலும் சுருதி போய்விடும். குழுவின் ஹெர்பி ஹான்காக் பியானோவில் ஒரே சுரக்கூட்டைப் பிடித்திருந்தாலும், கீழே பாஸ் எந்தச் சுரத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப அதன் நிறமே மாறும். குழு சேர்ந்தபோது பதினேழே வயதான டோனி வில்லியம்ஸ் டிரம்ஸில் தாளத்தைச் சிதறடிப்பார். கார்ட்டரோ சுத்தமான, நீண்டு ஒலிக்கும் சுரங்களால் அத்தனையையும் கட்டி இழுத்தார். அந்தச் சுத்தம் வில்லோடு கழித்த ஆண்டுகளின் சம்பாத்தியம் என்றே தோன்றுகிறது.

1968-ல் டேவிஸை விட்டு விலகிய பிறகு ஒலிப்பதிவுக் கூடங்களே அவர் வீடாயின. 2015-ல் கின்னஸ் நிறுவனம் கணக்கெடுத்தபோது அவர் பங்கேற்ற பதிவுகள் 2,221. செவ்வியல் மேதை பாஹும் விட்டுப்போகவில்லை. 1992-ல் வந்த ஓர் ஆல்பத்தில் பாஹின் இசையைப் பல குரல்களாகப் பிரித்து, எல்லாவற்றையும் பாஸிலேயே தாமே வாசித்து அடுக்கினார்.

கார்ட்டர் கதவு தட்டுவதை நிறுத்தினார். ஆர்ட் டேவிஸ் நிறுத்தவில்லை. சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு வாசித்த இந்த பாஸ் கலைஞர், செல்லோ கலைஞர் ஏர்ல் மேடிசனுடன் சேர்ந்து, நிறப் பாகுபாடு காட்டுவதாக நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் மீது 1969-ல் நகர மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். அந்தக் குழுவில் அப்போது ஒரே ஒரு கறுப்பர்தான் நிரந்தர உறுப்பினர்: 1962-ல் சேர்ந்த வயலின் கலைஞர் சான்ஃபர்ட் ஆலன். திரைக்குப் பின்னால் நின்று, குழுவின் ஆட்களோடு போட்டியிட்டு வாசிக்கத் தயார் என்றார்கள் புகார்தாரர்கள், குழு மறுத்தது. 1970-ல் வந்த தீர்ப்பு அரைகுறை. தற்காலிகக் கலைஞர்களை அமர்த்துவதில் பாகுபாடு உண்டு, நிரந்தர வேலையில் இல்லை என்றது ஆணையம்.

வழக்குக்குப் பின் ஆர்ட் டேவிஸுக்கு வாய்ப்புகள் வறண்டன. படிக்கப் போய் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு கலிபோர்னியாவில் உளவியலாளராகவும் பாஸ் கலைஞராகவும் இரண்டு தொழிலையும் சேர்த்தே நடத்தி, 2007-ல் காலமானார்.